பிரசவத்துக்கு முன் கடன் கணக்கு: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய வரவு செலவுக் கணக்கையும் கடன் விவரத்தையும் இருவரும் உட்கார்ந்து படித்தோம். குழந்தை பிறப்பதற்குள் எல்லாக் கடனையும் அடைத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எண்ணம் நல்லதுதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. மாசிக் கடைசியில் பிரசவம் என்று நாள் குறித்திருக்கும்போது, கையில் இருக்கும் ரொக்கத்தையெல்லாம் கடனில் போட்டுவிட்டு, மருத்துவமனை வாசலில் நின்று மறுபடியும் கடன் கேட்கிற நிலைக்கு நீ போய்விடக் கூடாது.

உடனே தீர்க்க வேண்டியது கிரெடிட் கார்டு பாக்கி ஒன்றுதான். 1,20,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 4,200, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 756. நீ மாதந்தோறும் கட்டும் குறைந்தபட்சத் தொகையான 6,000 ரூபாயில் அசலுக்குப் போவது ஆயிரத்துச் சொச்சம்தான். பாக்கி நிற்கும் வரை, அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் மளிகைச் சாமானுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதைக் கவனித்தாயா? அதே தொகைக்கு வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீதத்தில் நகைக்கடன் கிடைத்தால் மாத வட்டி 900 ரூபாய். ஆகவே அம்மா தன் வளையல்களைத் தருகிறாள். மருமகளின் நகையைத் தொடாதே. அவளாகவே எடுத்துக் கொடுத்தாலும் இந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடு.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நகையை அடகு வைக்கிறவர்களில் பெரும்பாலோர் மீட்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் 12 மாதத் தவணைதானே, கடைசியில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று வட்டியை மறந்துவிடுகிறவர்கள்தான் ஏல நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் வருவார்கள். நீ மாதாமாதம் வட்டியைக் கட்டி, இதுவரை கார்டுக்குப் போன 6,000 ரூபாயில் மிச்சத்தை அசலில் வரவு வைத்துவிடு.

தனிநபர் கடனை இப்போது முன்கூட்டியே முடிக்கத் தேவையில்லை. நிலையான வட்டிக் கடன் என்பதால் முன்முடிப்புக் கட்டணம் கேட்பார்கள். தவணை தவறாமல் ஓடினால் போதும். சீட்டுப் பணத்தையும் அவசரப்பட்டு, பெரிய தொகையைத் தள்ளிக் கொடுத்து ஏலத்தில் எடுத்துவிடாதே. கார் வாங்கும் பேச்சு அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

இந்த மாதத்திலிருந்தே உன் ஒரு சம்பளத்தில் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். மருமகளின் 38,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், பிரசவத்துக்குள் மூன்று மாதச் சம்பளம் 1,14,000 ரூபாயாகச் சேர்ந்திருக்கும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்பதால் அவளுக்குத் தடையில்லை. ஆனால் அந்த 26 வாரம் முடிந்த பிறகும் குழந்தையை விட்டுப் போக அவளுக்கு மனம் வராமல் போகலாம். அப்போது சம்பளம் இல்லாத விடுப்பை அவள் கேட்டால் உன்னால் சரி என்று சொல்ல முடிய வேண்டும். ஒரு சம்பளத்தில் வாழ்ந்து பார்க்கச் சொல்வது முக்கியமாக அதற்காகத்தான்.

உன் அலுவலகக் காப்பீட்டில் பிரசவத்துக்கு 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்றாய். மருத்துவமனை சொல்லும் தொகுப்புக் கட்டணத்தில் எவையெல்லாம் சேராது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. குழந்தை மருத்துவர் வந்து பார்க்கும் கட்டணம், அறை வாடகையில் காப்பீட்டு வரம்புக்கு மேல் போகும் தொகை, அறுவை சிகிச்சை ஆனால் கூடும் செலவு ஆகியவை பெரும்பாலும் தனியாக வரும். குழந்தை பிறந்தவுடன் அதன் பெயரைக் காப்பீட்டில் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள். குழந்தையைச் சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் தனியார் மருத்துவமனையில் செலவு நாள் கணக்கில் ஏறும். எழும்பூர் அரசு மருத்துவமனையில் அதே வசதி கட்டணமில்லாமல் இருக்கிறது. அங்கே போவதை யாரும் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. தடுப்பூசியும் அப்படித்தான்: பென்டாவேலன்ட், ரோட்டா வைரஸ், நிமோகாக்கல் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் வாங்கியாகிவிட்டதா என்று மருமகளிடம் கேள், பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும்.

வளைகாப்பை மண்டபத்தில் வைக்கச் சம்பந்தி வீட்டார் விரும்புவதாக எழுதியிருந்தாய். முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்ற வழக்கத்தைச் சொல்லி அவர்கள் கடன் வாங்க முற்பட்டால், அதை நிறுத்த வேண்டியவன் நீதான். ஐந்து வகைக் கலந்த சாதமும் கண்ணாடி வளையலும் வைத்து வீட்டிலேயே நடத்தலாம், நானே சம்பந்தியிடம் பேசுகிறேன்.

இந்தக் கடிதத்தை மருமகளிடமும் படிக்கக் கொடு. கார்டு பாக்கி இவ்வளவு இருப்பது அவளுக்கு முழுவதும் தெரியாது என்று உன் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன்; நகையோடு நாங்கள் வந்து நிற்பதற்குள் அதை நீயே சொல்லிவிடு. அடுத்த வாரக் கடைசியில் வருகிறோம். கார்டின் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டையும் தனிநபர் கடன் ஒப்பந்தத்தையும் எடுத்து வை. வங்கி திறந்திருக்கும் திங்கட்கிழமை காலையில் உனக்கு அரை நாள் விடுப்பு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா