நம்ப முடியாத அளவுக்கா அவள் சாதாரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் குற்ற நாவல் விமர்சனத்தில் ஒரு வரியைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுக்க மனம் வந்தது. "இருபது வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பெண் இவ்வளவு துல்லியமாகத் திட்டம் போடுவாள் என்பது நம்பும்படி இல்லை" என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார்.

அந்த நாவலை நான் இரண்டு தடவை படித்தவள். அதில் கணவன், மைத்துனன், விசாரிக்க வரும் அதிகாரி என எல்லோரும் நினைப்பது இதையேதான். 'இவளுக்கு அதெல்லாம் வராது.' அந்த நினைப்பில்தான் கதையே நகர்கிறது. அவளை வைத்துக்கொண்டே கடன் விஷயம் பேசுகிறார்கள். பீரோ சாவியை அவளிடமே கொடுத்து வைக்கிறார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள் என்ற தைரியம்தான். விமர்சகரும் அந்த வீட்டு ஆண்களோடு சேர்ந்து ஏமாந்திருக்கிறார். அதை நாவலாசிரியரின் தோல்வி என்று எழுதுவது எந்த நியாயம்?

நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 24 வருடம் வேலை பார்த்தவள். கூட்டங்களில் குறிப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். யாரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள், எந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுகிறார்கள் என்றெல்லாம் என் எதிரிலேயே பேசுவார்கள். ஒருவர்கூடக் குரலைத் தாழ்த்தியதில்லை. ஒருமுறை, மூன்று மாதம் உட்கார்ந்து நான் தயாரித்த அறிக்கை வேறு ஒருவர் பெயரில் மேலே போனது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் எங்கே பலவீனம், எந்தத் தாள் யார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று விடியும் வரை ஒவ்வொன்றாக யோசித்தேன். மறுநாள் வழக்கம்போல் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன், எதுவும் செய்யவில்லை. ஆனால் யோசித்தது இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. எனக்கே என்னைக் கண்டு கொஞ்சம் பயம் வந்த நாள் அது. அதனால் 'நம்பும்படி இல்லை' என்ற சொல்லை என்னால் சும்மா விட முடியவில்லை.

விமர்சகர் சொல்லும் அடுத்த குறை, கதாநாயகி மேல் பரிவு வரவில்லை என்பது. பாட்ரீஷியா ஹைஸ்மித் 1955-இல் டாம் ரிப்ளி என்ற கொலைகாரனைப் படைத்தார். அவனை வைத்தே ஐந்து நாவல்கள் வந்தன. அவனிடம் யாரும் பரிவைத் தேடுவதில்லை, சிக்கலான மனம் என்று வியக்கிறார்கள். பெண் என்றால் மட்டும் அவள் நல்லவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வயதில் பட்ட கொடுமை ஒன்றாவது காரணமாக இருக்க வேண்டும். இந்த நாவலில் ஒரு பாவமும் அறியாத ஒருவன் மேல் பழி விழும்போது அவள் வாயைத் திறப்பதில்லை. அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் அவளை வெறுத்தேன். அடுத்த பக்கத்தில் அவள் மாட்டிக்கொள்வாளோ என்று எனக்குக் கை நடுங்கியது. இந்த வகைக் கதையை நான் படிப்பதே அந்த இரண்டும் ஒரே மூச்சில் வருவதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள், கம்பளி பின்னிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடிப்பார். 'ஏதோ வயதான அம்மா' என்று யாரும் அவரைப் பொருட்படுத்தாததுதான் அவருக்கு வசதி. அதை உலகமே நம்பியது. அதே வசதியை ஒருத்தி தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினால் மட்டும் ஏன் நம்பிக்கை போய்விடுகிறது?

இப்படிச் சூழ்ச்சி செய்யும் பெண்களை எழுதுவதெல்லாம் 2012-இல் கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' நாவல் வந்த பிறகு கிளம்பிய மோகம் என்றும் விமர்சகர் சொல்கிறார். மேரி எலிசபெத் பிராடனின் 'லேடி ஆட்லிஸ் சீக்ரெட்' 1862-இல் வந்தது. அதிலேயே பொன்முடியும் குழந்தை முகமுமாக ஒருத்தி எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவுகிறாள். டாஃப்னி டு மோரியேயின் 'மை கசின் ரேச்சல்' 1951. ரேச்சல் குற்றவாளியா நிரபராதியா என்று படித்தவர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். நட்சுவோ கிரினோவின் 'அவுட்' 1997-இல் ஜப்பானில் வந்தது. சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் நான்கு பெண்கள், அவர்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்படியிருந்தும் அந்த வரி எப்படி அச்சுக்குப் போனது?

வருத்தம் வேறு சிலவும் உண்டு. ஆண் கொலைகாரன் வரும் நாவல் என்றால் உங்கள் இதழில் முதல் பக்கங்களில் விமர்சனம் வருகிறது. பெண் என்றால் குடும்பப் பகுதியில் வருகிறது. ஐந்து வருடத்துக்கு முன்பே இதைப் பற்றி எழுதினேன். என் கடிதத்தில் இருந்த பாராட்டு வரிகளை மட்டும் எடுத்துப் போட்டீர்கள்.

அப்புறம், மூன்றாவது பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிட்டார் விமர்சகர். என் தங்கைக்கு அந்த நாவலை வாங்கிக் கொடுத்திருந்தேன். பாதியில் இருந்தவள் உங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டு, "இனிமேல் என்ன இருக்கு?" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முடிவைத் தொடும் பத்திக்கு மேலே 'கதை முடிவு பேசப்படுகிறது' என்று ஒரு வரி போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தையும் இடமில்லை என்று சுருக்குவீர்கள். சரி, சுருக்கிக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி