மாசி பிறக்குமுன் ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். தலவாக்கலைப் பக்கம் விடியற்காலையில் பனி கொட்டுகிறது, பள்ளத்து மலையில் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. 18 கிலோ கொழுந்து சேராமல் அம்மா இந்தக் கிழமை இரண்டு நாள் அரைப்பேரோடு, அரைநாள் சம்பளத்தோடு வந்தாள். தங்கச்சி படிக்கிறாள். வேறு புதினம் இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போடிங் காசு கட்டியாகிவிட்டதா? போன் எடுத்தால் "பிறகு பேசுறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படித்தான். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இன்னொன்று. உன் சேமலாப நிதியில் கை வைக்க வழி தேடாதே. உன் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி போட்டது 12 வீதம், ஆறு வருடத்துக் காசு. அது வயசு காலத்துக்கு. ஈ.டி.எப்., அதுதான் ஊழியர் நம்பிக்கை நிதி, என்று கம்பனி தனியாக 3 வீதம் போட்டிருக்கும். வேலையை விட்டவர்கள் அதை எடுக்கலாம் என்று சங்கத்துக்காரர் சொன்னார். அதை ஏன் போய் விசாரித்தேன் என்று கேட்காதே.

சரி, கேட்டாலும் சொல்லத்தான் வேண்டும். கீழ் லயத்துப் பையன் பொங்கலுக்கு வந்தபோது போனில் ஒரு படம் காட்டினான். நாலைந்து சின்னப் பிள்ளைகள், நடுவில் நீ. வெறுங்கால், இடுப்பில் துண்டு, ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது. ஜன்னலில் பகல் வெளிச்சம். ஆபீஸ் நாளில் எடுத்த படம் என்றான். மூன்று மாதமாகப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறாயாம்.

இந்த லயத்திலிருந்து கொழும்பு ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நீ. அம்மா கோயிலில் அதைச் சொல்லாத ஆள் இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நான் முப்பது வருடம் கவாத்துக் கத்தி பிடித்தவன். அதனால் இதை மட்டும் கேள். செடியை நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. ஆராய்ச்சி நிலையத்து ஐயாமார் வேரைச் சீவி அயடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் கொஞ்ச நாள் விட்டுவைக்க வேண்டும். வெட்டும்போதும் இலையோடு ஒன்றிரண்டு கிளையை ஓரத்தில் விடுவோம், செடி மூச்சு விட. அதற்குப் பிறகும் முதல் கொழுந்துக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். நீ கிளை ஏதும் விட்டு வைத்திருக்கிறாயா மகன்? மாலையில் யாருக்காவது கணக்கு எழுதிக் கொடுக்கிறாயா? சேமலாப நிதியை மட்டும் தொடாதே.

படத்தில் உன் கையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மணிக்கட்டை மடக்காமல் விரலை மட்டும் விரிப்பது நம்ம கூத்து வாத்தியார் எனக்குப் பழக்கியது. அப்பாயி சேலையைக் கட்டி ஏழு மாசி காமன் கூத்தில் நான் ரதி ஆடினேன். தப்பு மேளச் சத்தம் கேட்டால் காய்ச்சல் கூட விட்டுவிடும். அப்புறம் மலையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், வருடம் முழுக்க "ஏய் ரதி" என்று கூப்பிட்டார்கள். பொறுக்க முடியாமல் விட்டேன். அதற்குப் பிறகு காமன் எரிக்கிற இரவில் நான் காம்பிராவை விட்டு வெளியே வந்ததில்லை. நீதான் ஓடுவாய்.

உனக்குப் பதினான்கு வயது. ரதிக்கு ஆள் பார்க்கிறார்கள் என்று வந்து நின்றாய். நான் வாத்தியாரிடம் போய்வந்து, "உன் குரல் கட்டையாம், சரிவராதாம்" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. தூணில் தொங்கிய தப்பைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாய்.

வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. "பையனுக்குக் குரல் நல்லா விழுது, அனுப்பு" என்றுதான் சொன்னார். அவன் படிக்கிற பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டவன் நான். உன்னையும் அப்படிக் கூப்பிடுவார்கள் என்ற பயம். நல்லதுக்குத்தான் என்று இத்தனை வருடம் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். படத்தைப் பார்த்ததிலிருந்து முடியவில்லை. கோயிலில் எல்லாரும் பாடும்போது நீ வாயை மூடிக்கொண்டு நிற்பது என் கண்ணில் நிற்கிறது. உன் குரலில் ஒரு குறையும் இல்லை மகன்.

தப்பை நேற்று இறக்கினேன். தோல் ஓரத்தில் எலி கடித்திருக்கிறது, நடுவில் நல்லாயிருக்கிறது. வைக்கோல் மூட்டிக் காய்ச்சி ஒரு தட்டு தட்டினேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் பிறைக்குக் காமன் ஊன்றுகிறார்கள். லீவு கேட்க வேண்டிய வேலை இப்போது உனக்கு இல்லை, ஒரு நடை வந்துவிட்டுப் போ. ஸ்வெட்டர் எடுத்து வா. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீயே சொல்ல வேண்டும். ஞாயிறு காலை போன் எடு, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா