ஹீராபாய் டாட்டா விடுபட்டுவிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் ஓட்டுரிமை பற்றிய உங்கள் கட்டுரை, 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்ட தூதுக்குழுவில் தொடங்கி, ஒரே தாவாக அரசியல் சாசனம் வந்த 1950-க்குப் போய்விட்டது. இடையில் நடந்ததில் பெரும்பங்கு பம்பாய்க்காரரான ஹீராபாய் டாட்டாவுடையது. மும்பைத் தமிழர்களுக்காக வரும் இதழில் அவர் பெயர்கூட இல்லாதது குறைதான்.

1911-ல் காஷ்மீரில், இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய சோஃபியா துலீப் சிங்கின் சட்டையில் குத்தியிருந்த 'பெண்களுக்கு ஓட்டு' என்ற சின்ன பேட்ஜைப் பார்த்து விசாரித்ததுதான் அவருக்குத் தொடக்கம். பிறகு, இந்தியாவில் யாருக்கு ஓட்டு என்று ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழு, பர்தா வழக்கம் உள்ள நாட்டில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்க இன்னும் காலம் கனியவில்லை என்று கைவிரித்தது. அந்த முடிவை மாற்றத்தான் 1919-ல் பம்பாய்ப் பெண்கள் ஹீராபாயையும் மகள் மிதானையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். காங்கிரஸின் முன்னாள் தலைவர் சர் சங்கரன் நாயரும் உடன் போனார். தாயும் மகளும் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் வாதாடியதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் பேசி, அங்கங்கே ஆதரவுத் தீர்மானம் போட வைத்து, லண்டனில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா அலுவலகத்துக்கு அனுப்பச் செய்தார்கள். (மிதான் அங்கேயே சட்டம் படித்து, பின்னாளில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடிய முதல் பெண் வழக்கறிஞர் ஆனார். தனிக் கட்டுரைக்கே விஷயம் இருக்கிறது.)

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த 1919 இந்திய அரசுச் சட்டம் நேரடியாகப் பெண்களுக்கு ஓட்டுத் தரவில்லை. பெண் என்ற தடையை நீக்குவதா வேண்டாமா என்பதை அந்தந்த மாகாண சபையே தீர்மானிக்கலாம் என்று விட்டது. அதனால் ஒவ்வொரு மாகாணத்திலும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. 1921-ல் சென்னை முதலில் இசைந்தது, அதே ஆண்டு பம்பாய். அதே 1921-ல் வங்காளம் நிராகரித்து, 1925-ல்தான் இறங்கி வந்தது.

கட்டுரையில் ஒரு திருத்தமும் தேவை. 1921-ல் "பெண்கள் ஓட்டுப் பெற்றனர்" என்பது பாதி உண்மை. நீங்கியது பெண் என்ற தடை மட்டும். சொத்து, வரித் தகுதி அப்படியே இருந்தது. வீடும் நிலமும் கணவர் பேரில் இருந்தால் மனைவிக்கு ஓட்டு இல்லை. 1935 இந்திய அரசுச் சட்டம் இதைச் சரிசெய்கிறேன் என்று, தகுதியுள்ள ஆணின் மனைவி என்ற முறையில் ஓட்டுக் கொடுத்தது. 'மனைவி என்பதற்காக வேண்டாம், வயது வந்தவர் என்பதற்காகத் தாருங்கள்' என்று பெண்கள் அமைப்புகள் அதற்கு முன்பே கேட்டிருந்தன. அது, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்கிற அரசியல் சாசனத்தின் 326-வது பிரிவில்தான் கிடைத்தது.

அப்போதும் 'மனைவி' விடவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதவைத்தார்கள். பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதில், சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

திருமணமாகி தாராவிக்கோ ஆன்டாப்ஹில்லுக்கோ வரும் நம் பெண்களுக்கு இன்றும் பட்டியலில் சிக்கல் உண்டு. பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கும்போதே, புது வாக்காளருக்கான படிவம் 6-ஐ இங்கே கொடுத்தால் இரட்டைப் பதிவாகிவிடும். முகவரி மாற்றத்துக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் உரியது படிவம் 8. அடுத்த இதழில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை