கழுத்தில் மாட்டும் கணினி: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

வரும் சனிக்கிழமையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் நம் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு கருவி செய்யத் தொடங்குகிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கணினி அது. மவுஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. எதிரே விரலை அசைத்தால் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு வேலை செய்யும். இந்தக் கடிதத்தோடு ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தை முழுவதும் படித்துவிடுங்கள்.

முக்கியமான வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இதை யாரிடமும் காசு கொடுத்துச் செய்து வாங்காதீர்கள்.

அறிவியல் கண்காட்சி வந்தால் நம் ஊரில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். ஸ்டேஷனரி கடையில் புராஜெக்ட் தயாராகக் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் மின்சுற்றோடு செய்து தர ஆள் இருக்கிறது. சென்ற ஆண்டுக் கண்காட்சியில் ஒரு மாணவன் தானாக எரியும் தெருவிளக்கு மாதிரி ஒன்றை மேசையில் வைத்திருந்தான். அழகாக எரிந்தது. "இந்தச் சின்ன வட்டத்தைக் கையால் மூடினால் ஏன் விளக்கு எரிகிறது?" என்று கேட்டேன். பதில் சொல்ல முடியாமல் அவன் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் கெட்டிக்காரப் பையன். வெளிச்சத்தை உணரும் அந்தச் சென்சாரை ஒரே ஒரு முறை அவன் கையால் பொருத்தியிருந்தால் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருப்பான். அதனால்தான் இந்த முறை மதிப்பெண்ணும் இல்லை, பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. செய்து பார்ப்பது மட்டும்தான்.

ஏன் இந்தக் கருவி என்று கேட்பீர்கள். 2009இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மீடியா லேப் ஆய்வகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பிரணவ் மிஸ்திரி இப்படி ஒன்றைச் செய்தார். குஜராத்தின் பாலன்பூரில் பிறந்தவர், மும்பை ஐஐடியில் வடிவமைப்பு படித்தவர். 'சிக்ஸ்த் சென்ஸ்' என்று அதற்குப் பெயர். கேமரா ஒன்று, கையடக்கப் புரொஜெக்டர் ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சின்னக் கண்ணாடி ஒன்று. மூன்றையும் சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். கட்டைவிரல்களிலும் ஆள்காட்டி விரல்களிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறத்தில் உறை. புரொஜெக்டர் காட்டும் படம் சுவரிலோ கையில் இருக்கும் செய்தித்தாளிலோ விழும். விரல்களால் அந்தப் படத்தை நகர்த்தலாம், பெரிதாக்கலாம். மணிக்கட்டில் விரலால் ஒரு வட்டம் போட்டால் அங்கே கடிகாரம் தெரியும். உள்ளங்கையில் எண் பலகை தெரியும். அதைத் தொட்டு போன் செய்யலாம். அந்த ஆண்டு நவம்பரில் மைசூரில் நடந்த, புதிய யோசனைகளைப் பேசும் டெட் இந்தியா மாநாட்டு மேடையில் அவர் இதைக் காட்டியபோது அரங்கமே எழுந்து நின்றது. மொத்தச் செலவு அப்போது சுமார் 350 டாலர்.

அதே மேடையில் அவர் சொன்ன இன்னொரு கதைதான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். அதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன், உருண்டை வைத்த பழைய மவுஸைப் பிரித்து அதற்குள் இருந்த உருளைகளை எடுத்திருக்கிறார். போதாமல் நண்பரின் மவுஸையும் வாங்கிப் பிரித்தார். நூல், கப்பி, ஸ்பிரிங் இவற்றோடு அந்த உருளைகளைச் சேர்த்து, கை அசைவை உணரும் கருவி ஒன்றைச் செய்தார். செலவு இரண்டு டாலர். எம்ஐடியின் பெரிய ஆய்வகத்துக்குப் போகும் முன்பே, பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்திருக்கிறது. அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் வரவேண்டும். (இந்தத் துறைக்கு அவருக்கும் முன்னோடி உண்டு. கனடாவின் ஸ்டீவ் மேன் உடம்பில் அணியும் கணினிகளை 1980களிலேயே செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிக்கொடுப்போம்.)

நாம் செய்யப்போவது இதன் எளிய வடிவம். ஏடிஎம் அட்டை அளவில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற கணினி, சாதாரண வெப்கேம், ஒரு பவர் பேங்க். விரல் உறைக்கு மார்க்கர் பேனா மூடியே போதும். புரொஜெக்டர் பள்ளியில் ஒன்றுதான் இருக்கிறது. சின்னப் புரொஜெக்டரின் வெளிச்சம் பகலில் கண்ணுக்கே தெரியாது என்பதால், ஜன்னலை மூடி எல்லாக் குழுவும் முறை வைத்துப் பயன்படுத்தும். மற்ற நேரத்தில் மானிட்டரிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. எந்த உறையும் இல்லாமல் வெறும் கையைக் காட்டினாலே கையின் 21 புள்ளிகளை அடையாளம் கண்டுபிடித்துக் கொடுக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி ஆசிரியை அதைத்தான் முதலில் சொன்னார். நான்தான் நிற மூடியில் தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் இதுதான். வெப்கேம் எடுக்கும் ஒரு படம் 640க்கு 480 என்றால், அதில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் சில எண்கள். "இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை இருந்தால் பச்சை" என்று பிள்ளையே முடிவு செய்து எழுத வேண்டும். பிறகு பச்சையாகத் தெரியும் புள்ளிகளின் நடுப்புள்ளியைக் கணக்கிட வேண்டும். ஏழு, எட்டாம் வகுப்பில் படித்த சராசரியும் ஆயத்தொலைவும் இங்கே உயிரோடு வந்து நிற்கின்றன. எல்லாம் தயாராக வரும் மென்பொருளில் அந்தக் கணக்கு கண்ணில் படாது. முதலில் இதைச் செய்துவிட்டு அதற்குப் போகட்டும்.

கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்பு மாணவியர் சிலரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு மாணவி ஆள்காட்டி விரலில் சிவப்பு மூடியை மாட்டிக்கொண்டு வந்தாள். திரையில் புள்ளி அவள் விரலில் நிற்காமல் அவள் கன்னத்துக்கும் உதட்டுக்கும் தாவியது. நம் தோலின் நிறம் கணினிக்குச் சிவப்புக்குப் பக்கத்தில்தான் தெரிகிறது. அதோடு, நிறத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் நிறங்கள் 0 முதல் 179 வரை எண் வரிசையாக இருக்கும். சிவப்பு மட்டும் தொடக்கத்திலும் கடைசியிலுமாக இரண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டை மட்டும் எழுதினால் பாதிச் சிவப்பு காணாமல் போய்விடும். சரி என்று நீல மூடிக்கு மாறினாள். புள்ளி அருமையாக விரலோடு போனது, பின்னால் இன்னொரு மாணவி நடந்து போகும்வரை. சீருடையின் நீலத்தைப் பார்த்ததும் புள்ளி அவளோடு போய்விட்டது! எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்து, மூடியைவிடப் பெரிய பரப்பாகத் தெரியும் நீலத்தைக் கணக்கில் எடுக்காதே என்று இரண்டு வரி சேர்த்தாள். வேலை செய்தது. மாலையில் டியூப்லைட் போட்டதும் மறுபடி கெட்டது. வெளிச்சம் மாறினால் எண்களும் மாறும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். அன்று அவள் கற்றதை நான் கரும்பலகையில் ஒரு மாதம் நடத்தினாலும் கொடுத்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

இதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து "வேலை செய்யவில்லை அம்மா" என்று பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த கல்லூரி அண்ணனைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வைக்காதீர்கள். "எங்கே நிற்கிறது, எனக்குச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கும்போதே பாதித் தவறு பிள்ளைக்குத் தட்டுப்படும்.

இன்னொரு குழு கையுறை செய்ய ஆசைப்படுகிறது. கை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் எம்பியு-6050 என்ற சின்னச் சென்சாரையும் சென்சார் தரும் எண்களைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையையும் துணிக் கையுறையில் தைத்து, அதை வைத்துக் காது கேளாதோரின் சைகை மொழியைப் பேச்சாக மாற்ற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல மனசு. ஆனால் இதில் ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இப்படிக் கையுறை செய்து பெரிய பரிசு வாங்கினார்கள். காது கேளாதோரிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. சைகை மொழி என்பது கை மட்டும் இல்லை. புருவம், உதடு, தோள், முகபாவம் எல்லாம் அதன் இலக்கணம். கையுறைக்கு அது எதுவும் தெரியாது. அதோடு, காது கேட்கும் நம் வசதிக்காக அவர்கள் ஏன் கையுறை மாட்ட வேண்டும் என்ற கேள்வியும் நியாயம்தானே? ஆகவே அந்தக் குழுவிடம், கம்பி ஒன்றைக்கூடத் தொடும் முன் காது கேளாதோர் பள்ளிக்குப் போய் அந்தப் பிள்ளைகளோடு பழகிவிட்டு வாருங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கான ஏற்பாட்டை நான் செய்கிறேன்.

அடுத்தது கேமரா. பெண் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. பிரணவ் மிஸ்திரியின் கருவியில், இரண்டு கை விரல்களாலும் சட்டம் போலக் காட்டினால் எதிரே இருப்பது படமாகப் பதிவாகும். அந்த ஒரு வசதியை நாம் செய்யப்போவதில்லை. கேமரா பார்க்கும் காட்சியிலிருந்து விரலின் இடத்தை எடுத்துக்கொண்டதும் அந்தக் காட்சி நினைவகத்திலிருந்து போய்விடும். எந்தப் படமும் சேமிக்கப்படாது. வகுப்பு நேரத்தில் அந்தக் கணினிகளுக்கு இணைய இணைப்பு தரமாட்டோம். கருவி ஆய்வகத்தை விட்டு வெளியே போகாது. கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடக்கவும் அனுமதி இல்லை. அடுத்தவரைக் கேட்காமல் அவர் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் கையாலேயே விதியாக எழுதவைப்பேன்.

பேட்டரி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) முத்திரை உள்ள, பள்ளி வாங்கித் தரும் பவர் பேங்க் மட்டும்தான். பழைய போனிலிருந்து கழற்றிய பேட்டரியை, அதுவும் உப்பியதை, பிள்ளைகள் பையில் வைத்துக் கொண்டுவந்துவிடக் கூடாது. அது தீப்பிடிக்கும். அப்படி ஒன்று வீட்டில் கிடந்தால் நீங்களும் அப்புறப்படுத்திவிடுங்கள். உலோகத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் வேலையை ஆசிரியர் பக்கத்தில் நின்றால் மட்டுமே செய்வார்கள். முனை 300 டிகிரிக்கு மேல் சூடாகும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, முடியைக் கட்டி, துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு வரட்டும். புரொஜெக்டர் வெளிச்சத்தை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது.

படிப்பு கெடுமா என்ற கவலைக்கு: சனிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைதான். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமும் வகுப்பு கிடையாது. கணினி ஆசிரியையும் நானும் முழு நேரமும் இருப்போம். சனிக்கிழமை வீட்டு வேலை இருக்கிறது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெண் பிள்ளைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கேட்டுக்கொள்கிறேன். கோடையில் அந்த நீல மூடியைச் சரிசெய்தவள் ஒரு பெண் பிள்ளைதான்.

இதற்கு உங்களிடம் பணம் எதுவும் கேட்கவில்லை. பொருட்களுக்கு முன்னாள் மாணவர்கள் உதவியிருக்கிறார்கள். ஆசிரியை சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்துவிட்டார். எனக்கு வேண்டியது உங்கள் கைத்தொழில். கழுத்தில் மாட்டும் கருவியில் கடினமான பகுதி மாட்டுவதுதான் என்று சோதனையில் தெரிந்தது. பட்டை மெல்லியதாக இருந்தால் கழுத்தை அறுக்கிறது. கேமரா நடக்கும்போது ஆடுகிறது. கணினியைத் துணிப்பையில் மூடி வைத்தால் சூடாகி வேகம் குறைகிறது. காற்றுப் போக வழி வைத்துத் தைக்க வேண்டும், பவர் பேங்க் எடையை இடுப்புக்கு இறக்க வேண்டும். இதெல்லாம் தையல் தெரிந்த தாய்மார்களுக்கு அத்துப்படி. செல்போன் பழுது பார்ப்பவர்கள், எலக்ட்ரீஷியன்கள், ரேடியோ டிவி மெக்கானிக்குகள் நம் பெற்றோரிலேயே பலர் இருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து, பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்காமல் எப்படிச் செய்வதென்று காட்டிவிட்டுப் போங்கள். வீட்டில் வேலை செய்யாத வெப்கேம், உருண்டை வைத்த பழைய மவுஸ், உடைந்த கீபோர்டு இருந்தால் கொடுத்தனுப்புங்கள். முதல் நாள் அவற்றைத்தான் பிரிக்கப் போகிறோம்.

ஒப்புதல் படிவத்தில் அம்மா, அப்பா யாராவது ஒருவர் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். கேமரா அணியும் குழு வேண்டாம் என்று நினைத்தால் படிவத்தில் அதைக் குறிப்பிடுங்கள். கையுறைக் குழுவில் கேமரா கிடையாது, அதில் சேர்த்துக்கொள்வோம். நேரில் பேச விரும்புவோர் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆய்வகத்துக்கு வாருங்கள். கோடையில் செய்த கருவி மேசைமேல் இருக்கும், நீங்களே மாட்டிப் பார்க்கலாம். வேலைக்குப் போய்த் திரும்ப நேரமாகிறவர்களுக்காக ஏழு மணி வரை இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்