ஆன்டிகனிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் 'ஆன்டிகனி' நாடகத்தை வாசித்து முடித்தோம். அன்று யாருக்கும் நன்றி சொல்ல எனக்குக் குரல் எழவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வர முடியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் சோஃபோகிளிஸின் நாடகம் இது. தீப்ஸ் நகரின் அரியணைக்காக உடன்பிறந்தவர்கள் இருவர் மோதி, ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். அரசன் கிரியோன் ஒருவனை மரியாதையோடு அடக்கம் செய்கிறான். இன்னொருவன், பாலினைசிஸ், நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்கட்டும் என்கிறான். சகோதரி ஆன்டிகனி தடையை மீறி அவன்மேல் மண் தூவுகிறாள். அதற்காக அவளைப் பாறைக் குகையில் உயிரோடு அடைக்கிறார்கள்.

கெடு தாண்டியும் புத்தகத்தைக் கேட்காமல் விட்டுவைத்த நூலகர் அக்காவுக்கு நன்றி. ஞாயிறுதோறும் போனில் வரிவரியாக விளக்கிய, கிரேக்கம் படித்த நண்பருக்குப் பெரிய நன்றி.

குகைக்குப் போகும் முன் ஆன்டிகனி ஒன்று சொல்கிறாள்: கணவன் செத்தால் வேறு கணவன் கிடைப்பான், பிள்ளை போனால் வேறு பிள்ளை பிறக்கும், ஆனால் அம்மாவும் அப்பாவும் மண்ணுக்குள் போனபிறகு எனக்கு இனி ஒரு சகோதரன் எங்கிருந்து பிறப்பான்? இந்த இடம் பலருக்கும் உறுத்தியிருக்கிறது. இது இடைச்செருகல் என்று யாராவது நிரூபிக்க மாட்டார்களா என 1827-இல் ஜெர்மன் கவிஞர் கதே ஏங்கினார். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலில் ஒரு பாரசீகப் பெண்ணும் கிட்டத்தட்ட இதே வாதத்தைச் சொல்கிறாள். நானும் அதை வெட்டிவிடப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். "துக்கத்தில் இருக்கிறவள் இப்படித்தான் கணக்குப் போடுவாள், கை வைக்காதே" என்றார் நண்பர். அவர் சொன்னதுதான் சரி. 2021 மே மாதம் கொரோனாவில் அண்ணன் போனபோது தூரத்தில் நின்றுதான் பார்த்தோம், ஒரு பிடி மண் போட முடியவில்லை. அந்த இரவு நானும் இப்படி ஏதேதோ கணக்குப் போட்டேன்.

காவலனாக வாசித்த எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றி. மூடிய மண் விலக்கப்பட்டு உடல் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, குஞ்சுகள் இல்லாத கூட்டைப் பார்த்த பறவைபோல் ஆன்டிகனி அலறினாள் என்ற இடத்தில் அவர் நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் மேலே படித்தார். ஒத்திகையில் அப்படிச் செய்யவில்லை.

அடுத்து, வெண்கலக் குடத்திலிருந்து அவள் மூன்று முறை நீர் வார்த்ததை வாசித்தபோது, கடைசி வரிசையில் இருந்த அம்மா, "நம்ம பக்கமும் மூணு சுத்துதானே" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கு அந்தக் குடமும் உடைக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நாடகம் முடியும்வரை அவள் கையை விடாமல் பிடித்திருந்த பச்சைப் புடவை அம்மா, உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். உங்களுக்கும் நன்றி.