பேட்டி கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் பிழைத்தவர், அபூர்வ நோயோடு போராடும் குழந்தையின் அம்மா என்று பத்திரிகைகளில் வரும் பேட்டிகளில் கணிசமானவை சின்னச் சின்ன சுதந்திரச் செய்தி ஏஜென்சிகள் எழுதி விற்றவை என்பது படிக்கிற பலருக்குத் தெரியாது. அந்தத் தொழிலை நான் குறை சொல்லவில்லை. 1835-ல் பாரிசில் ஷார்ல் ஆவாஸ் ஆரம்பித்துவைத்தது அது, எல்லா இடத்திலும் நிருபர் வைத்துக்கொள்ள எந்தப் பத்திரிகைக்கும் கட்டுப்படியாகாது. என் கவலையெல்லாம் பேட்டி கொடுத்தவரைப் பற்றித்தான்.

அவர் ஒரு நிருபரிடம் பேசுகிறார், குடும்பப் படங்களைக் கொடுக்கிறார், நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போடுகிறார். நல்ல ஏஜென்சி என்றால் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் விற்கும். அதற்கப்புறம் நடப்பது அவர் கையிலும் இல்லை, ஏஜென்சி கையிலும் இல்லை. வாங்கிய பத்திரிகையின் உதவி ஆசிரியர் பாதியை வெட்டி, தலைப்பைக் காரமாக்கி, அழுதுகொண்டே சொன்ன ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார். கேட்டால் பத்திரிகை ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சியோ தலைப்பு எங்களுடையது இல்லை என்று சொல்லிவிடும், நடுவில் அந்த மனிதர் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்திரிகை ஏஜென்சிக்குக் கொடுக்கும், ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பேட்டி கொடுத்தவருக்குத் தரும், அல்லது தராது, எல்லாம் முதலில் பேசிக்கொண்டதைப் பொறுத்தது. ஆனால் செய்தி போடுவதற்குப் பேட்டி கொடுப்பவரிடமே யாராவது காசு கேட்டால் அது விளம்பர வேலை, செய்தி இல்லை. எத்தனை நாளைக்கு வேறு யாரிடமும் பேசக்கூடாது, படங்களை வெளிநாட்டுக்கும் விற்பார்களா, இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

படம் இன்னும் சிக்கல். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது புகைப்படக்காரர் டேனியல் மோரெல் ட்விட்டரில் போட்ட படங்களை அனுமதியில்லாமல் பிரெஞ்சுச் செய்தி ஏஜென்சியான ஏஎஃப்பி எடுத்துக்கொள்ள, படங்களை விற்கும் நிறுவனமான கெட்டி வழியாகவும் அவை பரவின. 2013-ல் நியூயார்க் ஜூரி 12 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் தொழில்முறைப் புகைப்படக்காரர், வழக்காடினார். கைபேசியில் ஒரு படம் எடுத்துப் போட்ட சாதாரண ஆள் எந்தப் படியேறுவார்?

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏஜென்சி கட்டுரையை வாங்கும்போது பேட்டி கொடுத்தவரின் எழுத்துச் சம்மதத்தையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே வாங்குங்கள். தலைப்பையோ சாரத்தையோ மாற்றினால் அவரை ஒருமுறை கூப்பிட்டுச் சொல்லுங்கள், துக்கத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கட்டுரை எந்த ஏஜென்சியுடையது என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்