2024–25 ஆண்டறிக்கை: வத்தல்மலையிலிருந்து மார்க்கா வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் நம் மலையேற்றச் சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதாந்திர நடை தடையில்லாமல் நடந்தது. தீர்த்தமலை, கிருஷ்ணகிரி கோட்டை, ராயக்கோட்டை மூன்றுக்கும் போய்வந்தோம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ காலம் என்பதால் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். அந்த வாரங்களில் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொண்டோம். சிலர் முணுமுணுத்தார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நினைத்துப் பார்த்தால் முணுமுணுக்கத் தோன்றாது. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியதும் இந்த ஆண்டில்தான். ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி எல்லோரும் கேட்கும் லடாக் விஷயம். ஆகஸ்ட் கடைசியில் நம் குழு மார்க்கா பள்ளத்தாக்கில் நடந்து, 5,200 மீட்டருக்கு மேல் இருக்கும் கோங்மாரு கணவாயைத் தாண்டி, ஷாங் சும்தோ பக்கம் இறங்கியது. இந்தப் பள்ளத்தாக்கு 1981இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மழைமறைவுப் பகுதி என்பதால் நாடெங்கும் பருவமழை கொட்டும்போதும் அங்கே நடக்க முடியும்.

பயிற்சி நம் தருமபுரிப் பக்கத்து வத்தல்மலையில் தொடங்கியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வத்தல்மலையில் எத்தனை முறை ஏறினாலும் லடாக்கின் காற்றுக்கு உடம்பு பழகாது. இங்கே பழகுவது தொடையும் முட்டியும்தான். முதுகுப்பையில் தண்ணீர் கேன்களை வைத்து ஏறி, மேலே போனதும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு இறங்கினோம். முட்டி பிழைத்தது. கடைசி வாரங்களில் மட்டும் சுமையோடு இறங்கப் பழகினோம், ஏனென்றால் கணவாய்க்கு அப்பால் இறக்கம் நீளமானது.

இரவில் அங்குள்ள மலையாளி பழங்குடிக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினோம். ராகிக் களி, சாமைச் சோறு, விடியும்முன் கருப்பு காபி. நம் ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு அக்கா, “மலையேறப் பழகணும்னா எங்க பிள்ளைங்களோட ஆடு மேய்க்கப் போங்க, காசு வேண்டாம்” என்றார். காசு வேண்டாம் என்றது பயிற்சிக்கு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் சங்கம் முறையாகக் கொடுத்துவிட்டது.

பெங்களூரு, டெல்லி வழியாக லடாக்கின் லே நகருக்குப் போய்ச் சேர்ந்தோம். 500 மீட்டர் உயரம்கூட இல்லாத தருமபுரியிலிருந்து ஒரே நாளுக்குள் 3,500 மீட்டருக்குப் போய்விடுகிறோம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒரு மூச்சில் உள்ளே போவதும் குறைகிறது. கணவாயின் உச்சியில் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காற்றுக்கு உடம்பு பழகட்டும் என்று லேயில் சும்மா இருந்த நாட்களுக்கு எதற்குச் செலவு என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. பதில் சொல்கிறேன். நம் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டாம் இரவு தலைவலியும் வாந்தியும் வந்தன. மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்தார்கள், மேலே ஏற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் ஓடுகிறவர் அவர், குழுவிலேயே இளையவரும்கூட. உயரத்தில் வரும் இந்த நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை. அவர் லேயிலேயே தங்கினார், நாங்கள் கிளம்பினோம். வந்து இறங்கிய மறுநாளே நடையைத் தொடங்கியிருந்தால், சாலையும் செல்போன் சிக்னலும் இல்லாத இடத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்போம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. அறிகுறி இருந்தால் ஏறக் கூடாது, கூடினால் உடனே இறங்க வேண்டும். இந்த நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொடாதீர்கள், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள்.

இன்னொன்று, அந்த நாட்கள் சும்மா போகவும் இல்லை. வழிகாட்டியின் வீடு லேக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. பார்லி அறுவடை நேரம். “ஜூலே” என்று கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனோம். லடாக்கில் சமையலறைதான் கூடம். நடுவில் பூவேலை செய்த இரும்பு அடுப்பு, சுவர் அலமாரி முழுக்கப் பித்தளை, செம்புப் பாத்திரங்கள், சுவரை ஒட்டிக் கம்பளம், முன்னால் குட்டை மேசைகள். அவருடைய அம்மா உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரை ஊற்றி, வறுத்த பார்லி மாவையும் வைத்தார். தேநீரில் பிசைந்து வாயில் போட்டால் நம்ம சத்துமாவு உருண்டை மாதிரியே இருக்கிறது. நாங்கள் கொண்டுபோன தருமபுரிப் புளியை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் நம் மகளிர் உறுப்பினர் ஒருவர் அதே அடுப்பில் ரசம் வைத்துக் கொடுத்தார். வீட்டுப் பெரியவர் இரண்டு கிண்ணம் குடித்தார், பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதையும் அன்றுதான் கண்ணால் பார்த்தோம்.

எந்த வழிகாட்டி நூலைவிடவும் அந்த வீட்டில்தான் அதிகம் தெரிந்துகொண்டோம். பனி உருகி வரும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும், அதனால் காலையிலேயே கடந்துவிட வேண்டும். மார்க்கா ஊரில் எந்த வீட்டுக்குப் போவது என்று நாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, முறை வைத்து அனுப்புவார்கள். பனிச்சிறுத்தை ஆடுகளை அடித்துவிட்டுப் போனால் பதிலுக்கு அதைக் கொல்வது முன்பு வழக்கம். 2000களின் தொடக்கத்தில் ஊர் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிறுத்தை இருந்தால் விருந்தினர் வருவார்கள், விருந்தினர் வந்தால் இழப்பைத் தாங்கலாம் என்ற கணக்கு. கூடாரம், சமையல்காரர், கோவேறு கழுதை எல்லாம் ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் வசதி என்று சிலர் சொல்கிறீர்கள். வசதிதான். ஆனால் அப்போது பணம் ஊரைத் தொடாமல் கடந்து போய்விடும்.

ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஊர்களில் வீடுகளில் தங்கினோம். நிமாலிங்கில் வீடு கிடையாது. 4,700 மீட்டருக்கு மேல் கோடை மேய்ச்சல் நிலம், எதிரே 6,400 மீட்டர் உயரக் காங் யாட்சே சிகரம், நமக்குக் கூடாரம். மறுநாள் எல்லோரும் கணவாயைத் தாண்டினார்கள். கடைசியாக வந்தவர் மெதுவாக வந்தார், அவருக்குத்தான் தலைவலியே வரவில்லை.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். லேயில் தங்கும் நாட்களைக் குறைக்கக் கூடாது. வத்தல்மலையிலும் இனி ஒரே வீட்டுக்குப் போகாமல், ஊராரைக் கேட்டு முறை வைத்துத் தங்க வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் மருத்துவச் சான்றோடு கொடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனமுறை என் போனுக்குத்தான் எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வந்தது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்